மோர் குலுக்க எந்தக் குவளை?

செங்கலடி வெயிலுக்கு எங்கள் வீட்டில் மோரும் தேசிக்காய்த் தண்ணீரும்தான். மது கலக்கவென வந்த ‘ஷேக்கர்’ குவளையில் இவற்றைக் குலுக்குகிறேன், நன்றாகவே கலக்கிறது. மூன்று துண்டாகக் கழலும் வகையே வீட்டுக்கு ஏற்றது. அதன் மூடியிலுள்ள வடி தேசிக்காய் விதையைத் தடுத்துவிடும்.

304 தர எவர்சில்வரா என்று பார்த்து வாங்குங்கள். புளிப்புப் பட்டால் அலுமினியமும் பித்தளையும் மெல்லக் கரைந்து பானத்தில் சேரும். கடையிலேயே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து, கசிகிறதா என்று பாருங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். சோடாவைக் குலுக்கினால் மூடி தெறிக்கும்.

குவளையைவிடத் தயிர் முக்கியம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியவர்கள் எங்கள் பண்ணையாளர்கள். அவர்களின் பாலில் உறைந்த தயிரைக் கேட்டு வாங்குங்கள்.