இடைமறிக்காத ஸாக்ரடீஸ்

பிளேட்டோவின் 'சிம்போஸியம்' பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் டயோடீமாவின் ஏணியோடு நின்றுவிடுகிறார்கள். ஓர் உடலின் அழகில் தொடங்கி, எல்லா உடல்களின் அழகு, ஆன்மாவின் அழகு, சட்டங்களின் அழகு, அறிவின் அழகு என்று ஏறி, கடைசியில் மாறாத அழகைக் காண்பது. நானும் வெகுநாள் அங்கேயே நின்றிருந்தேன். இப்போது அதற்குப் பிறகு கேட்கும் கதவு தட்டும் சத்தம்தான் முக்கியமாகப் படுகிறது.

விருந்து நடப்பது கி.மு. 416இல், ஏதென்ஸில், நாடகாசிரியர் அகதானின் வீட்டில். ஸாக்ரடீஸ் பேசி முடித்ததும் அல்கிபியாடீஸ் குடிபோதையில் நுழைகிறான். காதலைப் புகழாமல் ஸாக்ரடீஸைப் புகழ்கிறான். ஒரே போர்வைக்குள் இரவு முழுவதும் படுத்திருந்தும், தகப்பனோடோ அண்ணனோடோ படுத்ததுபோல எழுந்ததைச் சொல்கிறான். இவர் ஒருவர் முன்புதான் தனக்கு வெட்கம் வருகிறது. விலகியதும் கூட்டத்தின் புகழ்ச்சி தன்னை இழுத்துப் போய்விடுகிறது என்கிறான்.

அடுத்த வருஷமே, 415இல், புனிதச் சடங்குகளைப் பரிகசித்ததாக அவன்மேல் குற்றச்சாட்டு. விருந்தில் முதலில் பேசிய ஃபீட்ரஸும் அந்த வழக்கில் சிக்கினான். ஸிஸிலிப் படையெடுப்பின் நடுவே திரும்ப அழைக்கப்பட்ட அல்கிபியாடீஸ் தப்பி, எதிரியான ஸ்பார்ட்டாவிடம் போய்ச் சேர்ந்தான். 413இல் அந்தப் படை அழிந்தது. 404இல் அவன் ஃப்ரிஜியாவில் கொல்லப்பட்டான். 399இல், இளைஞர்களைக் கெடுத்தவர் என்ற குற்றமும் சுமத்தப்பட்டு ஸாக்ரடீஸுக்கு மரண தண்டனை. அல்கிபியாடீஸ் அவருடைய சகவாசத்தில் இருந்தவன் என்ற பழி அதன் பிறகும் ஓயவில்லை. ஸெனஃபோன் அதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

பிளேட்டோ எழுதியது இதெல்லாம் முடிந்த பிறகு. அரிஸ்டாஃபனீஸின் பேச்சில் ஒரு வரி, 385இல் ஸ்பார்ட்டா மான்டினியா நகரைக் கலைத்ததைக் குறிப்பதாகவே பொதுவாகக் கொள்கிறார்கள். ஆகவே, கதவு தட்டுகிறவன் என்ன ஆகப்போகிறான் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும்.

குருவைக் காப்பதுதான் நோக்கமென்றால் ஏணியோடு முடித்திருக்கலாம். அல்லது, அவர் என்னைத் தொடவில்லை என்று அவன் வாயாலேயே சொல்லவைத்தது போதும். ஆனால் அதே சாட்சியத்தில் இன்னொன்றும் வெளிப்படுகிறது. ஏறுகிறவருக்கு முதல் படி பின்னால் போய்விடுகிறது; அந்தப் படியில் நின்றவன் ஒரு மனிதன். அவனுக்கு வேண்டியிருந்தது அழகு அல்ல, இந்த ஒருவர். அவனை ஏற்ற ஏணியாலும் முடியவில்லை, ஸாக்ரடீஸாலும் முடியவில்லை. இந்தத் தோல்வியை மறைக்காததால்தான் காதலைப் பற்றிப் பிளேட்டோவை நம்புகிறேன்.

நான் பொய் சொன்னால் இடைமறியுங்கள் என்று கேட்டுக்கொண்டுதான் அல்கிபியாடீஸ் பேசுகிறான். ஸாக்ரடீஸ் ஒருமுறைகூட இடைமறிக்கவில்லை.