ஆம்பூர் பிரியாணியோட வண்டியைத் திருப்பிடாதீங்க

வேலூர்ல இருந்து பெங்களூரு ரோட்டுல போனா ஆம்பூர்ல பிரியாணி, நடுவுல கொஞ்சம் தோல் ஷாப் வாடை, அப்புறம் நேரா ஏலகிரி. நம்மில் பலருக்கு ரூட் இதுதான். அடுத்த முறை வாணியம்பாடியில இடதுபக்கம் திரும்பி, ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறிப் பாருங்க. காட்டுக்கு நடுவுல காவலூர் வரும்.

வைணு பாப்புன்னு ஒரு வானியல் அறிஞர், ராத்திரி வானம் தெளிவா தெரியுற இடமாத் தேடி இந்த மலையைப் பிடிச்சார். 1968ல 38 செ.மீ. தொலைநோக்கியோட வேலை ஆரம்பம். 1972ல 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகுது. ஆனா மறைக்கிறதுக்கு முன்னாடியே நட்சத்திர ஒளி சட்டுனு மங்கி மீண்டது. அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்துல பறந்துகிட்டே பார்த்த அந்த மங்கல், நம்ம காவலூர்லயும் பதிவாச்சு. காரணம், யுரேனஸைச் சுத்தி வளையங்கள்! அதுவரை வளையம்னா சனிக்கு மட்டும்தான்னு நினைச்சிருந்தாங்க.

பாப்புவோட பெரிய கனவு இந்தியாவிலேயே செஞ்ச 2.3 மீட்டர் தொலைநோக்கி. அது 1986ல திறந்தப்போ அவர் இல்லை, 1982லயே இறந்துட்டார். இன்னைக்கு அதுக்கு அவர் பேர்தான்.

இதுக்கெல்லாம் முதலீடு இருட்டு. நம்ம கண்ணுக்கே இருட்டு முழுசாப் பழக 20-30 நிமிஷம் ஆகும். ஒரு ஹை பீம் பட்டா திரும்ப முதல்ல இருந்து. மங்கலான விண்மீனைத் தேடுற தொலைநோக்கிக்கோ, கீழே சமவெளியில வருஷா வருஷம் கூடுற வெளிச்சமே பெரிய தொல்லை. பொழுது சாய்ஞ்சப்புறம் அந்தப் பக்கம் ஓட்டினா லோ பீம்லயே போங்க, டாக்டர் சொல்றேன்.