புகார் வணிகரும் பிறர் கலமும்

பழந்தமிழர் யவனரொடு நடத்திய வாணிகத்தை ஆராய்வார் பலரும் எழுப்பும் வினா, அவ்வாணிகக் கலங்கள் தமிழருடையனவா, யவனருடையனவா என்பதாம். கலத்துக்கு உரியவனும் சரக்குக்கு உரியவனும் ஒருவனே என்னும் எண்ணம் இவ்வினாவினுள் மறைந்து கிடக்கின்றது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதனைக் காவிரி கடலொடு கலக்கும் புகாரை நடுவாக வைத்து ஈண்டுக் காண்போம்.

புகாரின் துறைமுகச் சிறப்பைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அதனை அடுத்த கீழையூரில் கண்டெடுத்த செங்கற் படகுத்துறை அதற்குத் துணைநிற்கும். சிலப்பதிகாரம் கண்ணகியின் தந்தையை மாநாய்கன் என்றும், கோவலன் தந்தையை மாசாத்துவான் என்றும் கூறும். முன்னது மரக்கல வாணிகத் தலைவனையும், பின்னது நிலவழிச் சாத்தின் தலைவனையும் குறிக்கும் என்பர் அறிஞர். கலமும் சாத்தும் வேறுவேறு குடியினர் கையில் இருந்தமை இதனால் உய்த்துணரப்படும்.

மணிமேகலையில் வரும் சாதுவன் வரலாறு இன்னும் தெளிவானது. பொருளனைத்தும் சூதிலிழந்த அவன், தனக்கென ஒரு கலமும் இன்றி, வணிகரொடு கூடி அவர்தம் வங்கத்திற் சென்றான். கலம் உடைய, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைந்தான். முன்னர்க் கலம் கவிழ்ந்தாரிடமிருந்து தாம் பெற்ற பொருள்களை நாகர் அவனுக்கு அளித்தனர். அவற்றொடு அவன் புகாருக்கு மீண்டது சந்திரதத்தன் என்னும் வாணிகனது வங்கத்தில். ஈண்டுச் சரக்கு சாதுவனது, கலம் பிறனது. ஆயின் அவன் கொடுத்த கூலி யாது என்பதனைச் சாத்தனார் கூறிற்றிலர். கப்பற்கூலிக்குக் 'கேள்வு' என்னும் சொல்லைப் பிற்கால அகராதிகள் தருகின்றன. அவ்வழக்குக் காப்பிய காலத்தது எனக் கொள்ளச் சான்றில்லை.

காப்பியம் கூறாது விட்ட வாணிக முறையை மேலைநாட்டுச் சான்றொன்று ஓரளவு விளக்குகின்றது. வியன்னாவிலுள்ள, 1985-இல் வெளியிடப்பெற்ற கிரேக்கப் பாப்பிரச் சுவடி அது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சார்ந்தது. அது கப்பல் வாடகை ஓலையன்று. முசிறி வாணிகம் பற்றிய கடன் ஒப்பந்தம். செங்கடலில் இறக்கிய சரக்கை ஒட்டகத்தில் ஏற்றி நைல் ஆற்றங்கரைக்கும், அங்கிருந்து ஆற்றுவழியே மத்தியதரைக் கடற்றுறையாகிய அலெக்சாந்திரியாவுக்கும் கொண்டுசெல்லும் முறையை அது வரையறுக்கின்றது. கடனுக்கு ஈடாக நின்றது சரக்கே. சுவடியின் மறுபுறம் 'ஹெர்மபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த சரக்குகளைக் கணக்கிடுகின்றது: கங்கைச் சடாமாஞ்சி 60 பெட்டி, யானைக்கோடு முதலியன, கால் பங்கு வரி நீங்கலாக மதிப்பு 1154 தாலந்தும் 2852 திரக்மாவும். ஒரு கலத்திற் குவிந்த இப்பெரும்பொருள், கடன் கொடுத்தோன், கடன் கொண்டோன், ஒட்டகக்காரன், ஆற்றுப் படகினன் எனப் பலர் கைகளைத் தழுவி இயங்கியது.

சோழநாட்டுச் சரக்கின் வழியும் இத்தகையதே எனக் கருதலாம். கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய 'எரித்திரேயக் கடற் பெரிப்புளூசு', கீழைக்கரைத் துறைகளிலிருந்து உள்நாட்டுக் கலங்கள் கரையோரமாகவே மேற்குக்கரை வரை சென்றன என்று குறிக்கின்றது. எனவே காவிரிக்கரைப் பொருள் அலெக்சாந்திரியாவை அடையுமுன் பல கலங்களிலும் ஊர்திகளிலும் மாறியிருத்தல் இயல்பு.

பொருளேயன்றித் தமிழரும் அவ்வழியிற் சென்றனர். எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குசைர் அல்-காதிமில் கணன், சாதன் என்னும் பெயர்களும், பெரெனிகேயில் கொறபூமான் என்னும் பெயரும் தமிழ் எழுத்திற் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. சாதன் என்னும் பெயரொப்புமை கொண்டு அவனைக் காப்பியச் சாதுவனாக்குதல் ஆய்வு நெறியன்று. இவ்வோடுகள் தமிழர் அங்குச் சென்றதைக் காட்டுமேயன்றி, யார் கலத்திற் சென்றனர் என்பதைக் காட்டா.

ஆதலின், கலம் யவனருடையது என்று நிறுவப்படினும் தமிழர் பங்கு குறைந்துவிடாது. அப்பங்கினை நிலைநாட்டக் கலமனைத்தையும் தமிழருடையன எனச் சாதிக்கவும் வேண்டுவதில்லை. பிறர் வங்கத்திற் சென்று, தன் பொருளொடு மீண்ட சாதுவனும் புகார் வணிகனே.