வண்டி மேல் வண்டி

"வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும், ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்" என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். லாரி ரயிலில் ஏறும் என்று அவர்கள் சொல்லவில்லை. அதை எனக்குச் செய்து காட்டியவன் நெய்வேலியில் ஒரு பொடியன்.

நெய்வேலி நகரியத்தில் என் நண்பர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, மகனோடு வசிக்கிறார். ஓய்வு பெற்ற மனிதர்கள் கோயிலுக்குப் போவார்கள். அல்லது மருமகளுக்கு யோசனை சொல்லி வம்பை விலைக்கு வாங்குவார்கள். இவரோ மேஜை மேல் ரயில் விடுகிறார். பொம்மை ரயில் என்று சொல்லிவிட்டால் கோபம் வந்துவிடும். "மாதிரி ரயில் என்று சொல்லுமையா!" என்பார். நிஜத்தில் 87 அடி இருப்பது அவர் மேஜையில் 1 அடி. இந்தப் பித்துப் பிடித்தவர்கள் உலகமெங்கும் கையாளும் அளவுகளில் அதுவும் ஒன்று.

நான் போயிருந்த அன்று அவருடைய பேரன், அதே அளவில் செய்த லாரி ஒன்றைத் தட்டையான வாகன் மேல் நிறுத்தி ரயிலை ஓட விட்டான். ரயில் அழகாகத்தான் போயிற்று. அட்டையில் செய்த மேம்பாலம் வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். லாரி குப்புற விழுந்தது.

"தாத்தா, இடிக்குது!" என்றான் பையன்.

"இடிக்காமல் என்ன செய்யும்? நிஜ ரயில்காரர்களுக்கும் இதே தலைவலிதான்" என்றார் நண்பர்.

சொந்தக் காலில், அதாவது சொந்தச் சக்கரத்தில், ஓடக்கூடிய லாரியை எதற்காக ரயிலில் ஏற்ற வேண்டும்? இந்தக் கேள்விக்கு நெய்வேலியிலேயே பதில் இருக்கிறது. 1961இல் இங்கே பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மறு வருஷமே மின்சாரம் பிறந்தது. சுரங்கத்தில் வெட்டிய கரி ஓடும் பட்டையில் ஏறி அனல் மின் நிலையத்துக்குப் போய்விடுகிறது. வழியில் ஒருவரும் அதை இறக்கி ஏற்றுவதில்லை. மற்றச் சரக்குகளுக்கு இந்தப் பாக்கியம் ஏது? நெய்வேலி ரயில் நிலையம் இருக்கும் விருத்தாசலம் - கடலூர் பாதை, நெடுங்காலம் மீட்டர் கேஜ் பாதையாக இருந்தது. மீட்டர் கேஜும் அகலப் பாதையும் சந்திக்கும் இடங்களில், ஒரு வாகனிலிருந்து மூட்டைகளை இறக்கி இன்னொன்றில் ஏற்றியாக வேண்டும். கூலி ஒரு பக்கம், தாமதம் ஒரு பக்கம், கொக்கி பட்டுக் கிழிந்த சாக்கு ஒரு பக்கம். சரக்கு ஓடும்போது ஆகும் செலவைவிட நிற்கும்போது ஆகும் செலவுதான் வியாபாரியின் வயிற்றைக் கலக்கும்.

இதற்கு வழி கண்டவர்களில் சர்க்கஸ்காரர்களும் உண்டு என்றால் நம்புவீர்களா? 1872இல் அமெரிக்காவில் பார்னம் சர்க்கஸ் ரயிலில் கிளம்பியபோது, கூப் என்பவர் ரயிலின் ஒரு முனையில் சாய்வுப் பலகை போட்டுச் சர்க்கஸ் வண்டிகளை வாகனுக்கு வாகன் உருட்டி ஏற்றும் முறையை வகுத்தார். 1936இல் சிகாகோ கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே லாரிகளின் டிரெய்லர்களை ஒழுங்காக ஏற்றிச் செல்லத் தொடங்கியது. 1955இல் இதற்கான வாகன்களுக்கென்றே அங்கே ஒரு கம்பெனி ஏற்பட்டது. அடுத்த வருஷம் மக்லீன் என்ற லாரி முதலாளி, 'சக்கரத்தையும் சேர்த்து எதற்குச் சுமப்பது?' என்று நினைத்தவர்போல், பெட்டிகளை மட்டும், 58 பெட்டிகளை, கப்பலில் ஏற்றி நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இன்று துறைமுகங்களில் மலைபோல் அடுக்கியிருக்கும் கன்டெய்னர்களின் காலம் அப்படித் தொடங்கியது.

நம் நாட்டில் 1999 ஜனவரியில் கொங்கண் ரயில்வே, மகாராஷ்டிரத்துக் கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணா வரை லாரிகளைச் சுமக்க ஆரம்பித்தது. சர்க்கஸ்காரர்களின் அதே சாய்தளம்தான்! லாரி தானே ஓடி வாகனில் ஏறிக்கொள்கிறது. டிரைவர் தம்முடைய ஆசனத்திலேயே உட்கார்ந்து, மலைப்பாதையின் வளைவுகளுக்குப் பயப்படாமல், வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறார்.

இதெல்லாம் வியாபாரம். ஆனால் 2021 ஏப்ரலில் இதுவே உயிர்ப் பிரச்னையாகிவிட்டது. கொரோனாவின் இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரிகள் ஆக்ஸிஜனுக்குத் தவித்தன. ஆக்ஸிஜன் விசாகப்பட்டினம் உருக்காலையில் இருந்தது. மூச்சுத் திணறியவர்கள் மகாராஷ்டிரத்தில் இருந்தார்கள். டாங்கர் லாரிகளையே ரயிலில் ஏற்றிவிடலாம் என்றார்கள். ஏற்றலாம், சரி; மேம்பாலங்களும் மின்கம்பியும் வழி விட வேண்டாமா? வாகனின் உயரம் 1,290 மில்லிமீட்டர். பல ரக டாங்கர்களை அளந்து பார்த்து, 3,320 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு ரகம்தான் ஏற்றது என்று முடிவு செய்தார்கள். ஏப்ரல் 19ஆம் தேதி ஏழு காலி டாங்கர்களோடு கலம்போலியிலிருந்து ரயில் புறப்பட்டது. இத்தகைய உயரச் சுமைக்கு மும்பைப் பக்கத்து மலைப்பாதையில் அனுமதி கிடையாது. ஆகவே வசாய், சூரத் என்று சுற்றிக்கொண்டு, 1,850 கிலோமீட்டரைச் சுமார் 50 மணி நேரத்தில் கடந்தது. விசாகப்பட்டினத்தில் நிரப்பிக்கொண்ட ஆக்ஸிஜன் நாகபுரிக்கும் நாசிக்குக்கும் போய்ச் சேர்ந்தது.

மே 14ஆம் தேதி சென்னைத் தண்டையார்பேட்டைக்குத் துர்காபூரிலிருந்து 80 டன் வந்ததே, அது மக்லீன் வழி: சக்கரமில்லாத கன்டெய்னர் டாங்குகள்.

நண்பர் சொல்லி முடித்ததும் பையன் பென்சிலை எடுத்தான். 1,290ஐயும் 3,320ஐயும் கூட்டினான், 4,610. அதை 87ஆல் வகுத்தான்.

"தாத்தா, 53 மில்லிமீட்டர். நம்ம பாலம் 50தான் இருக்கு."

"அப்படியானால் பாலத்தைத் தூக்கிக் கட்டுவோம்" என்று நண்பர் கத்தரிக்கோலைத் தேடினார்.

மேஜை மேல் அது அரை மணி வேலை. அந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு பாலத்தைத் தூக்கிக் கட்ட யாருக்கு அவகாசம் இருந்தது? பாலத்துக்குள் நுழையக்கூடிய லாரியைத் தேடிப் பிடித்தார்கள். நுழைய முடியாத இடத்தில் ஊரைச் சுற்றிப் போனார்கள். எங்கோ ஒரு படுக்கையில் மூச்சுக்காகக் காத்திருந்தவருக்கு, யாரோ ஒருவர் டேப்பைப் பிடித்துச் சரியாக அளந்தது தெரிந்திருக்க நியாயமில்லை.

பையன் புது அட்டையில் கோடு போட்டான். தாத்தா ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, "ரெண்டு மில்லிமீட்டர் கூடவே வை" என்றார்.