சாத்து எழுக! சாதி வீழ்க!

முடி சூடியோர் எத்தனை பேர், அவர் வென்ற களங்கள் எத்தனை, அவர் எழுப்பிய கோபுரங்களின் உயரம் என்ன — இவைதாம் வரலாறு என்று நமக்கு ஓதப்பட்டன. அந்தக் கோபுரத்திற்குக் கல் சுமந்தவன் யார்? மன்னன் உடுத்த துகிலை நெய்தவன் யார்? மலையிலே விளைந்த மிளகைக் கடல் கடந்து கொண்டு சென்றவன் யார்? கேட்டால் பாடநூல் ஊமையாகிறது. நூல் ஊமையானால் என்ன? கல் ஊமையன்று, செப்பேடு ஊமையன்று! அவை பேசுகின்றன. உழைத்தோரும் விற்றோரும் ஒன்றுகூடி அமைத்த குழுக்களைப் பற்றி, சாத்துகளைப் பற்றிப் பேசுகின்றன.

சாத்து என்பது வணிகக் கூட்டம். காட்டு வழியிலே கள்வர் அஞ்சவும், கடல் வழியிலே புயல் அஞ்சாமலும், கூட்டமாகச் சென்று கூட்டமாக மீண்டவர்கள் சாத்தினர். கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயரிலேயே அந்தச் சொல் ஒலிக்கிறது.

இந்தப் பழங்குழுக்களின் நினைவை விளையாட்டாலும் கலையாலும் மீண்டும் மக்களிடையே உலவவிட முடியாதா? முடியும். போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரம் அதைச் செய்து காட்டுகிறது. அங்கே, நகரின் மதிலைக் காக்கத் தொழிற்குழுவினரும் வணிகரும் குறி பார்த்து எய்யப் பழகினர். மரத்தாற் செய்த பறவையே இலக்கு. வீழ்த்தியவன் ஓராண்டுக்கு அக்குழுவின் ‘அரசன்’! பழங்காலத்திலே அவனுக்கு வரிவிலக்கும் கிடைத்தது. 1565ஆம் ஆண்டின் வெள்ளிச் சேவல் ஒன்று இன்றும் அக்குழுவின் சின்னமாக விளங்குகிறது. நகரப் பூங்கா ஒன்றிலேயே அவர்களுடைய அருங்காட்சியகம் இருக்கிறது; போட்டி இன்றும் நடைபெறுகிறது. மன்னர் மரபில் பிறவாதவன், கைத்திறத்தால் ஓராண்டு அரசனாகிறான். பொருள் பொதிந்த விளையாட்டன்றோ!

கிராக்கோவுக்கு ஒரு பூங்கா உண்டெனில், நாஞ்சில் நாட்டுக்கும் உண்டு. நாகர்கோயிலின் நடுவே, வேப்பமூட்டிலே, மாலைதோறும் சிறுவர் கூடும் பூங்கா இருக்கிறது. அதற்குக் கூப்பிடு தொலைவிலே இருப்பது எது? கோட்டாறு! கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே தாலமி என்னும் கிரேக்க அறிஞன் தன் நிலநூலில் குறித்த ஊர். இராசராசன் காலத்திலே மும்முடிச் சோழ நல்லூர் எனப் பெயர் பெற்ற ஊர். முதலாம் குலோத்துங்கன் தீயிட்டுப் பின் படை நிறுத்திய ஊர். மன்னர்கள் இதன்மீது மாறி மாறிப் பாய்ந்ததேன்? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாண்டிநாட்டுச் சரக்கும், மேலைக்கடற்கரைச் சரக்கும் கைமாறிய சந்தை இது. மன்னர்கள் போயினர்; பெயர்கள் மாறின; கோட்டாற்றுச் சந்தை நிற்கிறது. வாளைவிடத் தராசுக்கு ஆயுள் மிகுதி!

அந்தத் தராசைப் பிடித்த குழுக்கள் மூன்றினை நினைவிற் கொள்வோம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்பது ஒன்று. சுமத்திராத் தீவிலே, பாருசுக்கு அருகே, லோபு துவா என்னுமிடத்தில் இவர்கள் 1088ஆம் ஆண்டிலே தமிழில் கல்வெட்டு வெட்டினர். மணிக்கிராமத்தார் என்போர் மற்றொரு குழுவினர். தாய்லாந்து நாட்டுத் தக்குவாபாவிலே வெட்டப்பெற்ற குளம் ஒன்றைக் காக்கும் பொறுப்பினராக அவர்களை ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அஞ்சுவண்ணம் மூன்றாவது, கடல் கடந்து வந்த பிற சமயத்து வணிகர்களோடு இணைத்துப் பேசப்படுவது. இச்சொல் செத்துவிடவில்லை, தோழர்களே! நம் குமரி மாவட்டத்திலேயே உயிரோடு இருக்கிறது. நெசவாளியும் ஞானப் பாவலருமான பீர்முகம்மது அடங்கிய தக்கலையிலே, முசுலிம் மக்களின் சங்கப் பெயரிலே அஞ்சுவண்ணம் நிற்கிறது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகம்மது மீரான் எழுதிய ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்னும் புதினத்தின் தலைப்பாகவும் அது நிற்கிறது.

மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் சேர்ந்து தோன்றுவது கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலே. ஆண்டு 849. வேணாட்டு அய்யனடிகள், மருவான் சபீர் ஈசோ என்பவர் எழுப்பிய கிறித்துவப் பள்ளிக்கு உரிமைகள் அளிக்கிறார்; அவ்வுரிமைகளைக் காக்கும் பொறுப்பு இவ்விரு குழுக்களுக்கும் தரப்படுகிறது. சான்றுக் கையொப்பங்களோ அரபி எழுத்திலும், பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் காணப்படுகின்றன! பல நாட்டார், பல சமயத்தார் ஓர் ஏட்டிலே கைச்சாத்திட்ட காட்சி. பிற சமயத்தானைக் கண்டால் முகம் சுளிக்கக் கற்றுத் தருவோர், ஆயிரத்து நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்தச் செப்பேட்டின்முன் தலை குனியட்டும்!

ஆனால், செப்பேட்டை முழுவதும் படிக்க வேண்டும். பெருமை தரும் வரியைப் படித்துவிட்டு ஏட்டை மூடுவது பண்டிதர் பழக்கம்; பகுத்தறிவாளர் பழக்கமன்று. அதே செப்பேடு வேறென்ன சொல்கிறது? பனையேறிப் பிழைத்த ஈழவர் குடிகளையும், வண்ணார் குடியையும் அந்தப் பள்ளிக்கு உரியனவாக ஆக்கித் தருகிறது. தலைக்குத் தலைக்காணம், ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம் எனும் வரிகளை அவர்களிடம் அரசு கொள்ளாது என்று அறிவிக்கிறது. வரி போயிற்று, மனிதன் மட்டும் மரத்தையும் மனையையும் போலக் கைமாறினான்! கடல் கடந்த அயலானோடு கை குலுக்கிய நாடு, கண்ணெதிரே பனையேறியவனைக் கணக்கிலே எழுதிக் கொடுத்தது.

கைவினைஞர் நிலை மட்டும் என்ன வாழ்ந்தது? கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்று கம்மாளருக்கு மன்னன் அளித்த ‘சலுகை’களைப் பட்டியலிடுகிறது: நன்மை தீமைகளிலே இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியலாம், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம்! அரண்மனை கட்டியவன் தன் வீட்டுச் சுவரைப் பூச அரசாணை வேண்டியிருந்தது. ஒரு சாராருக்கு ஆணை வந்தது என்பதே, மற்றவருக்குத் தடை இருந்தது என்பதற்குச் சான்று. நம் தென் திருவிதாங்கூரிலோ அடிமை முறை ஒழிய 1855 வரையிலும், தோளிலே துணி போடச் சாணார்ப் பெண்கள் அரச அறிவிப்புப் பெற 1859 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே, பழமையை மீட்போம் என்று எவரேனும் சொன்னால், எந்தப் பழமையை என்று நாம் கேட்போம். தொழில் மரபைக் காப்பது என்ற பெயரால் பிறப்பு மரபைக் காக்க முனைந்தவர்களை இந்நாடு கண்டிருக்கிறது. 1953இல் சென்னை மாநிலத்திலே வந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம் எதைச் சொல்லிற்று? அரைநாள் பள்ளி, மறு அரைநாள் தந்தையின் தொழில்! குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர், எதிர்த்து நின்றனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது குப்பைக் கூடைக்குப் போயிற்று. பள்ளியிலே பணியாற்றும் நாம் இதனை மறப்பதற்கில்லை. உளி பிடித்தவன் மகன் உளியையே பிடிக்க வேண்டும் என்றால், அது கலை வளர்ப்பன்று, கால் விலங்கு!

இனி, பூங்காவுக்கு வருவோம். ஆண்டுக்கு ஒருநாள் அங்கே சாத்து விழா எடுப்போம். விழா என்றதும் தேரும் தீபமும் வேண்டா. சாதிக் கொடியும் சங்கப் பலகையும் வேண்டா. பானை ஒன்று போதும். உத்தரமேரூரிலே பத்தாம் நூற்றாண்டில் குடவோலை முறை இருந்தது. ஆனால், நிலமும் வேதப் பயிற்சியும் உடையவனுக்கே அந்தக் குடத்தில் இடமிருந்தது. நம் குடத்திலோ எல்லாச் சிறுவர் பெயரும் இருக்கட்டும். எடுத்த ஓலைப்படி ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என அணிகள் பிரியட்டும். மீண்டும் ஓலை எடுத்துத் தறி, உளி, சக்கரம், துலாக்கோல் எனத் தொழில் பிரியட்டும். அருச்சகர் வீட்டுப் பிள்ளைக்குக் குயவர் சக்கரம் விழலாம். மீனவர் மகளுக்கு மயிலாடிச் சிற்பியின் உளி விழலாம். விழட்டும்! கை பழகினால் கலை வரும். பிறப்பு வந்து கற்றுத் தருவதில்லை என்பதை எந்தச் சொற்பொழிவைவிடவும் அந்த ஒரு மாலை விளக்கிவிடும்.

புல்தரையிலே கோட்டாற்றிலிருந்து சுமத்திரா வரை வழி வரையலாம். பொதி சுமந்து ஓடும் அணிகளுக்கு இடையிலே சுங்கமும் புயலும் கள்வரும் குறுக்கிடலாம். ஆடுபுலி ஆட்டமும் பல்லாங்குழியும் கணக்கறிவை வளர்க்கட்டும். நம் மாவட்டத்துக் களியலும் சிலம்பமும் அடிமுறையும் உடலை வளர்க்கட்டும். சுவரிலே ஓவியங்கள் வேண்டும்: பல எழுத்திலே கையொப்பமிடும் வணிகரை ஒரு பக்கம் வரைந்தால், செப்பேட்டிலே எழுதிக் கொடுக்கப்பட்ட பனையேறியை மறுபக்கம் வரைய வேண்டும். செருப்பணிய ஆணை பெற்ற கம்மாளனை மறைத்துவிட்டு அவன் செய்த சிலையை மட்டும் காட்டினால், அது கலைக்கூடமன்று, பொய்க்கூடம்.

இன்னொன்று. சாத்தினர் சரக்கின் அளவுக்கேற்பச் சிறு பங்கை ஒதுக்கிப் பொதுப்பணிக்கு ஈந்தனர். மகமை என்ற பெயரில் அவ்வழக்கம் பின்னாளிலும் தொடர்ந்தது. விருதுநகரிலே நாடார் மக்கள், ஒதுக்கப்பட்ட காலத்திலே, மகமைப் பணமும் வீடுதோறும் திரட்டிய பிடியரிசியும் கொண்டு பள்ளி நடத்தினர். அது ஒரு சாதியின் அமைப்புத்தான். எனினும், அந்தப் பிடியரிசிப் பள்ளியிலே படித்த சிறுவனே பிற்காலத்தில் குலக்கல்வியைக் குழி தோண்டிப் புதைத்தான். 1969இலும் 1971இலும் நாகர்கோயில் மக்கள் நாடாளுமன்றத்திற்கு அனுப்பியதும் அந்தக் காமராசரைத்தான். சாத்து மரபிலே மீட்க வேண்டியது எது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? நம் விழாவிலும் மகமை திரளட்டும். ஆனால், சாதிக்கென அன்று! படிப்பை நிறுத்த நேரும் பிள்ளைக்குப் புத்தகமாக, கட்டணமாக அது மாறட்டும்.

இளைஞர்களே! கூடி உழைத்தல், கூடிக் காத்தல், வேற்றானையும் தோழனாக ஏற்றல் — இவை சாத்து விட்டுச்சென்ற செல்வம். பிறப்பால் பூட்டுதல், மனிதனை உடைமையாக எழுதுதல் — இவை சாதி விட்டுச்சென்ற நஞ்சு. இரண்டும் ஒரே செப்பேட்டிலே கிடக்கின்றன. பிரித்தெடுப்பது நம் பணி. பூங்காவின் கதவு திறந்தே இருக்கிறது. ஒரு பானையும் சில ஓலைகளும் கொண்டு புறப்படுங்கள்!