கும்பிடக் கடலுண்டு, பிழைக்கக் கடலில்லை!

குடிக்க நீரில்லை, குடியிருக்க ஆளில்லை, ஆனால் தொழுவதற்கு ஒரு கோவில் உண்டு! இராமேசுவரத்திற்கும் நெடுந்தீவுக்கும் இடையே, பாக்கு நீரிணையில் கிடக்கும் 285 ஏக்கர் நிலமாகிய கச்சத்தீவைத்தான் சொல்கிறோம். அங்குள்ள புனித அந்தோணியார் கோவிலில் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ இரண்டு நாள் விழா நடப்பது வழக்கம். இரு கரைத் தமிழரும் படகேறி வருவர். கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, திருப்பலி எல்லாம் உண்டு. கடலுக்குச் சென்றவர் உயிரோடு கரை திரும்பவேண்டும் என்பதே இரு கரையினரின் வேண்டுதல்.

வேண்டுதலால் குண்டு விலகும் என்று நாம் நம்புவதில்லை. ஆயினும் வேண்டுகிறவனின் உயிர் உயர்ந்தது என்பதில் அவனுக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை. அந்த உயிரை அரசுகள் எவ்வாறு மதித்தன? அதைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது.

சேதுபதிகளின் இராமநாதபுரம் ஜமீன் கச்சத்தீவைத் தன் உடைமையாகக் கொண்டிருந்தது. சாயவேர் எடுப்பதற்கு 1880இல் ஜமீன் குத்தகைக்கு விட்ட தீவுகளுள் இதுவும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைச் சேர்ந்த ஒருவர் அந்தோணியாருக்கு அங்கே கோவில் எழுப்பினார் என்பது வழங்கிவரும் செய்தி. யார் இந்த அந்தோணியார்? லிசுபனில் பிறந்து, 1231இல் இத்தாலி நாட்டுப் பதுவையில் மறைந்த துறவி. மனிதர் கேளாதபோது மீன்களுக்கு அறவுரை கூறினார் என்பது அவரைப் பற்றிய கதை. கதை கதையாகவே இருக்கட்டும். மீன் கேட்டதாகச் சொல்லப்படும் அறவுரையை மந்திரிகள் கேட்டார்களா?

1974 சூன் திங்களில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போயிற்று. தமிழ்நாடு எதிர்த்துக் குரல் கொடுத்தது. தில்லியின் செவியில் அது ஏறவில்லை. அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குச் சென்று வரலாம், அதற்குக் கடவுச்சீட்டோ விசாவோ வேண்டியதில்லை என்றது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் வழிவழியாகத் துய்த்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து துய்க்கும் என்றது.

இரண்டாண்டு கழியவில்லை. 1976 சனவரி 31இல் தமிழகத்தின் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது, சட்டமன்றமும் கலைந்தது, நாடெங்கும் நெருக்கடி நிலை. கேட்க ஆளில்லாத அந்த வேளையில், மார்ச்சு 23இல், இரு அரசுகளும் கடிதங்கள் மாற்றிக்கொண்டன. ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன் பிடிக்கக்கூடாது என்று முடிவாயிற்று.

இளைஞர்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள்! கும்பிடப் போகலாம், பிழைக்கப் போகக்கூடாது. மெழுகுவத்தியுடன் போனால் பக்தன். வலையுடன் போனால் குற்றவாளி! ஏழையின் கையில் செபமாலையை விட்டுவைத்து, வலையைப் பறிப்பது அரசுகளுக்கு எளிதாகவே இருந்திருக்கிறது.

அக்கரையில் நாடே பிளந்தது. 1983 சூலைக் கொடுமைக்குப் பின் ஏதிலிகள் இராமேசுவரம் கரையில் வந்திறங்கினர். மண்டபம் முகாம் நிரம்பியது. 1995 சூலை 9இல் யாழ்ப்பாணத்து நவாலியில், புனித பேதுரு கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போர் 2009இல் முடிந்தும் சாவு ஓயவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடையில், இதே அந்தோணியாரின் திருத்தலம், மதவெறியரின் வெடிகுண்டுக்கு இரையாயிற்று. அன்று பல இடங்களில் நடந்த தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரசின் குண்டும் வெறியரின் குண்டும் கோவில் கூரையைக் கண்டு தயங்கவில்லை.

மீண்டும் கச்சத்தீவுக்கு வருவோம். 2016 திசம்பரில் அங்கே புதிய அந்தோணியார் கோவில் திறக்கப்பட்டது. கட்டித் தந்தது இலங்கைக் கடற்படை! மூன்று திங்கள் நிறையவில்லை. 2017 மார்ச்சு 6 இரவு, தனுசுகோடிக்கும் கச்சத்தீவுக்கும் இடைப்பட்ட கடலில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். கடற்படையே சுட்டது என்றனர் உடன் சென்றோர். இல்லை என்றது கடற்படை. அவ்வாண்டுத் திருவிழாவை இராமேசுவரம் மீனவர் புறக்கணித்தனர். பக்தர்களே அல்லவா அவர்கள்? உயிருக்கு மதிப்பில்லாத இடத்தில் விழாவுக்கு மதிப்பேது என்று பக்தர்களே கேட்டார்கள். நாத்திகம் பேசாமலே அவர்கள் பகுத்தறிவோடு நடந்தார்கள்.

2021 சனவரியில் நால்வர் கடலில் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழ ஏதிலி. உயிரைக் காக்க எந்தக் கடலைக் கடந்து வந்தாரோ, அந்தக் கடலே அவருடைய உயிரைக் கொண்டது.

ஆயினும் ஒரு கரையின் கண்ணீரை மட்டும் எண்ணினால் அது வரலாறாகாது. போர் நடந்த கால் நூற்றாண்டு காலம் வடபுலத்து மீனவர் தம் கடலிலேயே தடுக்கப்பட்டனர். போர் முடிந்து வள்ளம் இறக்கியபோது எதிரே கண்டது எதை? நம் கரையின் இழுவைப் படகுகளை! கடலின் அடித்தரையை வாரும் இழுவைமடி குஞ்சையும் முட்டையையும் விட்டுவைப்பதில்லை; ஏழை கடன்பட்டு விரித்த வலையையும் கிழித்துச் செல்கிறது. இலங்கை 2017இல் சட்டம் இயற்றி இழுவைமடியைத் தடை செய்தது. அங்கே வலையிழந்தவனும் தமிழன். அந்தோணியாரிடமே அவனும் முறையிடுகிறான். 2024 சூனில் நம் படகொன்றைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகசுட்டில் கடற்படைக் கலம் மோதி இராமேசுவரம் மீனவர் ஒருவர் இறந்தார். இரண்டும் உயிர்தான், இரண்டு வீட்டிலும் அழுகுரல்தான்.

கொலை பாவம் என்று கிறித்தவம் கற்பிக்கிறது. அது பாவமோ அன்றோ, குற்றம் என்பது உறுதி. ஆகவே நாம் கேட்பது இரண்டு. வலையோடு வருகிறவன் மீது துப்பாக்கி உயரக்கூடாது. எல்லை மீறினால் விசாரணை நடக்கட்டும். இழுவைமடி கைவிடப்படவேண்டும், அதனால் பிழைப்பிழக்கும் கூலி மீனவனுக்கு ஆழ்கடல் தொழிலை அரசு அமைத்துத் தரட்டும். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு கரை மீனவரும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். அந்தப் பேச்சு ஆண்டுதோறும் தொடரட்டும்.

அதற்கு இடம் தேடி அலையவேண்டாம். இரு கரையினரும் விசாவின்றிக் கூடும் இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு நாள் விழாவில் அரை நாள் போதும். கூப்பிய கைகள் அந்த அரை நாள் கைகோத்து, உயிர் காக்கும் உடன்படிக்கை ஒன்றை எழுதட்டும்!