அம்புக்குறி சொன்ன கதை: பழைய விமானத் துப்பாக்கிகளை அடையாளம் காண்பது எப்படி?

பொங்கலுக்கு முன் பரண் ஒழிக்கும் நாட்களில் சி பிளாக் நண்பர் ஒருவர் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்பினார். "சார், தாத்தாவோட டிரங்குப் பெட்டியில இருந்தது. பழைய கிராமபோன் பாகமா?" என்று கேட்டிருந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சிறிய, வட்டமான, கனத்த இரும்புத் தட்டு. அடிப்பக்கம் திறந்திருந்தது. உள்ளே நடுவை நோக்கி வரிசை வரிசையாகத் தடுப்புகள். கிராமபோன் இல்லை. லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாத் தட்டு அது.

அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப்படையில் வேலை பார்த்தவர். பேரனுக்கு அதைப் பளபளவென்று தேய்த்து ஷோகேஸில் வைக்க ஆசை. அவருடைய தம்பியோ, ஆன்லைனில் போட்டால் நல்ல விலை போகும் என்றார். இரண்டையும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்பதை எல்லோருக்கும் சொல்லலாமே என்றுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்கப் படை அதிகாரி ஐசக் நியூட்டன் லூயிஸ் இந்தத் துப்பாக்கியை உருவாக்கினார். 1912 ஜூனில் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில், ரைட் சகோதரர்களின் விமானம் ஒன்றில் அமர்ந்து கேப்டன் சார்லஸ் சாண்ட்லர் இதைச் சுட்டுக் காட்டினார். சொந்த நாட்டுப் படை அப்போது ஆர்வம் காட்டவில்லை. லூயிஸ் ஐரோப்பாவுக்குப் போனார். இங்கிலாந்தில் பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் இதை ஏராளமாகத் தயாரித்தது. நமக்கு பைக்காகத் தெரிந்த அதே பி.எஸ்.ஏ.தான்.

பழைய விமானத் துப்பாக்கியை அடையாளம் காண, முதலில் அதில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். தரைப்படையின் லூயிஸில் குழலைச் சுற்றித் தடிமனான குளிர்விப்பு உறை இருக்கும். வானில் காற்றே குழலைக் குளிர்வித்துவிடும் என்பதால் அந்த உறையைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள். தோளில் வைக்கும் கட்டைக்குப் பதிலாக மண்வெட்டிக் கைப்பிடி போன்ற ஒரு பிடி வந்தது. தரைப்படைத் தட்டில் 47 தோட்டாக்கள் இரண்டு அடுக்காக இருக்கும். பறக்கும்போது தட்டு மாற்றுவது சிரமம். அதனால் விமானத்துக்கு 97 தோட்டாக்கள் கொள்ளும், நான்கு அடுக்குத் தட்டு வந்தது. நண்பர் வீட்டில் இருந்தது இந்தத் தடித்த வகை.

விக்கர்ஸ் துப்பாக்கியும் அப்படித்தான். தரையில் அதன் உறைக்குள் நான்கு லிட்டருக்கும் மேல் தண்ணீர் நிற்கும். விமானத்தில் தண்ணீர் கிடையாது. அதே உறையில் காற்றுப் போக வழி வெட்டியிருப்பார்கள். அந்தத் திறப்புகளைப் பார்த்தாலே விமான வகை என்று சொல்லிவிடலாம்.

அடுத்து, துப்பாக்கி விமானத்தில் எங்கே இருந்தது என்ற கேள்வி. முன்னால் சுழலும் விசிறி மீது குண்டு படாமல் எப்படிச் சுடுவது? 1915 ஏப்ரலில் பிரெஞ்சு விமானி ரோலண்ட் காரோஸ் விசிறி இதழ்களில் இரும்புக் கவசம் பொருத்திக்கொண்டு சுட்டார். அதே மாதம் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். சில மாதங்களில் ஃபோக்கர் நிறுவனம், விசிறி இதழ் குறுக்கே வராத நொடியில் மட்டும் சுடும் இணைப்புக் கருவியைக் கொண்டுவந்தது. விக்கர்ஸ் அதற்கு ஒத்துப்போனது. லூயிஸின் இயக்கம் ஒத்துவரவில்லை. அதனால் லூயிஸ் பின் இருக்கைக்கும் மேல் இறக்கைக்கும் போனது. 1933 ஏப்ரலில் கராச்சியில் தொடங்கிய இந்திய விமானப்படையின் முதல் படையணி பறந்த வாபிட்டி விமானங்களிலும் இதே ஏற்பாடுதான்: முன்னால் விக்கர்ஸ், பின்னால் லூயிஸ்.

இரண்டாம் உலகப் போரில் பிரவுனிங் வந்தது. ஆரம்பகால ஸ்பிட்ஃபயரின் இறக்கைகளில் எட்டு .303 பிரவுனிங்குகள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 1,150 தோட்டாக்கள் வரை சுடும். ஒவ்வொன்றுக்கும் கொடுத்தது 300 தோட்டா. கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானி விசையை மொத்தமாக அழுத்திப் பிடித்தால் சுமார் பதினாறு நொடியில் எல்லாம் தீர்ந்துவிடும். அமெரிக்கர்களின் .50 பிரவுனிங்கில் விமான வகைக்கு 36 அங்குலக் குழல், தரை வகைக்கு 45 அங்குலம். விமான வகையில் குழலின் பெரும்பகுதியை மூடியபடி வட்டத் துளைகள் கொண்ட உறை இருக்கும். தயாரிப்பாளர் பெயரைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஃப்ரிட்ஜ் செய்த ஃபிரிஜிடேர் நிறுவனமும் போரின்போது இந்தத் துப்பாக்கியைச் செய்தது.

இவ்வளவும் வடிவத்தைப் பார்த்துச் சொல்வது. மிச்சக் கதையை முத்திரைகள் சொல்லும். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், சோதனையாளர் முத்திரை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிட்டிஷ் அரசுடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறி. அதோடு ஆங்கில 'ஐ' எழுத்தும் சேர்ந்திருந்தால் இந்திய அரசின் உடைமை என்று பொருள். உப்புத்தாளும் பெயின்டும் முதலில் அழிப்பது இந்த முத்திரைகளைத்தான். அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் துருவைக்கூட அவசரப்பட்டுத் தொடமாட்டார்கள்.

நண்பர் வீட்டுத் தட்டின் விளிம்பில் அந்த அம்புக்குறி மங்கலாகத் தெரிந்தது. விளக்கிச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப தாத்தா இதைத் திருடிட்டு வந்தாரா?" என்றார். எனக்கும் சங்கடமாகிவிட்டது. கழித்துப் போட்டதை எடுத்து வந்தாரா, நினைவாக யாராவது கொடுத்தார்களா, அதை அம்புக்குறி சொல்லாது. முதல் உரிமையாளர் யார் என்பதை மட்டுமே அது சொல்லும்.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1934 முதல் இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பதிவு உண்டு. 1986க்குப் பின் தனியாருக்காகப் புதிதாகப் பதிய முடியாது. அதனால் பல சேகரிப்பாளர்கள், சுட முடியாதபடி பக்கத் தகடு மாற்றிய காட்சிப் பொருளையே வாங்குகிறார்கள். பிரிட்டனில் செயலிழக்கச் செய்ததற்குச் சான்றிதழ் வேண்டும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடும் துப்பாக்கி தடைசெய்யப்பட்ட ஆயுதம். ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். தாத்தா பெட்டியில் இருந்தது என்பது விலக்கு ஆகாது. ஆன்லைனில் விற்பதும் காயலான் கடைக்குப் போடுவதும் வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

கடைசியில் நண்பர் கையெழுத்திட்ட கடிதத்தோடு, சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் அவருடன் காவல் நிலையத்துக்குப் போனோம். விவரம் எழுதிக்கொண்டு, பொருளைப் பெற்று, ரசீது கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும், எல்லா முத்திரையும் தெரியும்படி படம் எடுத்து வைத்தோம். இப்போது நண்பர் வீட்டு ஷோகேஸில் தாத்தாவின் சீருடைப் படமும், பக்கத்தில் அந்தத் தட்டின் படமும் இருக்கின்றன. அடுத்த முறை டெல்லி போகும்போது பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ள வாபிட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போவதாகச் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருந்தால் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். தேய்க்காதீர்கள். விற்காதீர்கள். தோட்டாவோ, தோட்டா போன்ற எதுவோ இருந்தால் கையே வைக்காமல் உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அது எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் நண்பர் கேட்க நினைத்தபோது, பதில் சொல்லத் தாத்தா இல்லை.